வயிற்றின்மேல் ஏற்றிய விளக்கு

ஆடி வெள்ளியன்று மாரியம்மன் சன்னதியில், மாவிளக்கைப் பார்த்துக் குத்துவிளக்கு சிரித்தது.

"பச்சரிசி மாவும் வெல்லமும்தானேடி நீ? போன வருஷமும் உன்னைப் போல ஒருத்தி வந்தாள். நெய் தீர்ந்ததும் பிட்டுத் தின்றுவிட்டார்கள்."

"தெரியும் அக்கா" என்ற மாவிளக்கு உள்ளுக்குள் நடுங்கியது.

வயிற்று நோயிலிருந்து பிழைத்த பூவாத்தா, நேர்ந்துகொண்டபடி அம்மன் முன் மல்லாந்து படுத்தாள். அவள் வயிற்றின்மேல் வாழையிலை விரித்து, மாவிளக்கை வைத்து ஏற்றினார்கள். விளக்கு சாய்ந்துவிடுமோ என்று அவள் மூச்சை அடக்கினாள்.

"நல்லா மூச்சு விடு தாயி, நான் சாயமாட்டேன்" என்றது மாவிளக்கு.

அவள் மூச்சு விட்டாள். சுடர் அவளோடு ஏறி இறங்கியது.

"இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அங்கே வைத்ததில்லையடி" என்றது குத்துவிளக்கு.

சுடர் தணிந்ததும் பூவாத்தா எழுந்து உட்கார்ந்து, "பசிக்குது" என்று மாவிளக்கைப் பிட்டாள்.

இந்த முறை அது நடுங்கவில்லை.