ஏழு நாட்டுத் தெரு

"ஒரே ஒரு வாய் சாப்பிடுங்கப்பா. நேபாளத்துக்காரங்க பண்றது. நம்ம கொழுக்கட்டை மாதிரிதான் இருக்கும்."

கயல்விழி மோமோ தட்டை நீட்டினாள். கோவிந்தராசு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம்மா."

"பிடிக்கலையா?"

"வேணாம்னா விடேன்."

தம்பி பரிதி சிரித்தான். "நீ வேறக்கா. அப்பாவுக்குக் கருவாட்டுக் குழம்பைத் தாண்டி உலகமே கிடையாது. குடு இப்படி."

தட்டு அவன் கைக்குப் போனது. போன வேகத்தில் காலியும் ஆனது.

தஞ்சாவூர் பைபாஸை ஒட்டிய அந்தத் தெருவுக்கு மாநகராட்சி வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் ஆட்டோக்காரர் முழிப்பார். ஏழு நாட்டுத் தெரு என்றால் நேராகக் கொண்டுவந்து விட்டுவிடுவார். பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கு எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் படிக்க வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே அடுப்புகளும் வந்துவிட்டன. நேபாளம், ஏமன், பர்மா, தாய்லாந்து என்று வரிசையாகக் கடைகள்.

கயல்விழி அப்பாவைக் கூட்டி வந்தது வேடிக்கை காட்ட இல்லை. தெருக்கோடியில் காளியம்மாள் கடை இருக்கிறது. வயல் நண்டு ரசமும் நத்தைக் கறியும் அங்கே பேர்போனவை. காளியம்மாள் இவர்கள் ஊர்தான், காலனியில் வீடு. கோவிந்தராசுவின் வயலில் எத்தனையோ வருஷம் நடவு நட்டவள். அவள் மகன் சேரன், கயல்விழி வேலை பார்க்கும் அதே ஆபீஸில் இருக்கிறான். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று போன வாரம் அப்பாவிடம் சொல்லிவிட்டாள்.

அவர் கத்தவில்லை, திட்டவில்லை. "யோசிக்கணும்" என்றார், அவ்வளவுதான். மனுஷன் நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூடத் தேவலை!

நாலு ஊர்ச் சாப்பாடு உள்ளே போனால் மனசும் கொஞ்சம் இளகும், அப்படியே காளியம்மாள் கடைக்கும் அழைத்துப் போய்விடலாம் என்று நினைத்தாள். பரிதியும் துள்ளிக்கொண்டு கிளம்பினான். "உனக்கு நான் இருக்கேன்க்கா. இந்தக் காலத்துல போய் ஜாதி கீதின்னுக்கிட்டு!"

ஏமன் கடையில் தாம்பாளம் நிறைய மந்தி பிரியாணி வந்தது.

"நீங்க சாப்பிடுங்க" என்றார் கோவிந்தராசு.

பர்மா கடையில் அத்தோ நூடுல்ஸ்.

"ம்ஹூம்."

"ஒரு டீயாவது குடிங்கப்பா."

"அதுவும் வேணாம்."

தாய்லாந்து கடையில் பரிதி நண்டு வாங்கினான். முதலில் போட்டோ, அப்புறம் சாப்பாடு. காலை உடைத்து உறிஞ்சிக்கொண்டே பிரசங்கம் வேறு.

"சோத்துக்கு ஏதுப்பா ஜாதி, மதம், நாடு? எல்லாம் ஒரே பசிதான். மனுஷனுக்கு மனசு விரியணும். நீங்க இன்னும் நம்ம ஊரு வாய்க்கா வரப்பைத் தாண்டி வரல."

கோவிந்தராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கயல்விழி அப்பாவையும் தெருக்கோடியையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரோ எவரோ சமைத்ததையே தொடாதவர், காளியம்மாள் சமைத்ததையா தொடப் போகிறார்? அந்தம்மா முகத்துக்கு நேராக 'வேணாம்' என்று சொல்லிவிட்டால்? சேரன் காலையிலிருந்து ஆசையாகக் காத்திருக்கிறான். அவர்கள் இதுவரை பட்டது போதாதா, தன்னாலும் ஒரு அவமானம் வேண்டுமா?

"வீட்டுக்குப் போயிடலாம்ப்பா" என்றாள்.

"ஏன், சேரன் அம்மா கடை இந்தத் தெருவுலதான்னு சொன்னியே?"

"உங்களுக்குத்தான் எதுவுமே..."

அவள் முடிப்பதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் கண்டதும் காளியம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தாள். "வாங்க ஐயா..." முந்தானையில் அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். சேரன் ஓடிவந்து பெஞ்சைத் துடைத்தான். கோவிந்தராசு நடுப் பெஞ்சில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தார்.

பரிதி வாசலோடு நின்றுவிட்டான்.

"உள்ள வாடா" என்றாள் கயல்விழி.

"வயிறு ஃபுல்லுக்கா."

"ஒரு டம்ளர் நண்டு ரசம் குடிக்கக்கூடவா இடமில்ல?"

"வயல் நண்டா?" மூக்கைச் சுளித்தான். "நீங்க சாப்பிட்டு வாங்க. நான் கார்ல இருக்கேன்."

தாய்லாந்து நண்டு இன்னும் அவன் விரலில் மணத்துக்கொண்டிருந்தது. உனக்கு நான் இருக்கேன் என்று சொன்ன தம்பி இவன்தானா? கயல்விழி அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே இலை விழுந்தது. சூடான சோறு, நத்தைக் கறி, நண்டு ரசம். காளியம்மாள் பயந்து பயந்து கொஞ்சமாகத்தான் வைத்தாள்.

"நல்லா அள்ளிப் போடுங்க" என்றார் கோவிந்தராசு.

இரண்டாம் தடவை சோறு வாங்கினார். மூன்றாம் தடவையும் வாங்கினார். முழங்கை வரை ரசம் வழிந்தது. கயல்விழிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

"என்னப்பா இது? அத்தனை கடை ஏறி இறங்கினோம். ஒரு வாய் டீகூடக் குடிக்கலையே நீங்க?"

"காலையிலயும்தான் ஒண்ணும் சாப்பிடல."

"ஏம்ப்பா?"

கோவிந்தராசு இலையிலிருந்து நிமிர்ந்தார்.

"ஏம்மா, சம்பந்தியம்மா கையால முதமுதல்ல சாப்பிட வர்றேன். கண்ட கடையிலயும் தின்னுட்டு, அரை வயித்தோடயா வந்து கை நனைக்கிறது?"