தெரிவிக்கலாம், தெரிவிக்க வேண்டும்

கண்ணாடி அறைக்குள் பிற்பகல் வெயில் மேசையின் பாதிவரை வந்துவிட்டது. எல்லா இணைய உலாவிகளுக்கும் பொதுவிதி எழுதும் குழு மூன்று நாளாக ஒரே வரியில் சிக்கிக்கிடக்கிறது. சுவரில் அது பெரிதாகத் தெரிகிறது: “இணையப் பக்கத்தில் ஏதாவது மாறினால், உலாவி அதை வாசிப்புக் கருவிக்குத் தெரிவிக்கலாம்.” ‘தெரிவிக்கலாம்’ போதும் என்று மல்லுக்கு நிற்கிறார், எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடும் நெட்டைப் பொறியாளர். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பார்வையற்ற சோதனையாளப் பெண், வாசிப்புக் கருவி திரையைப் படித்துச் சொல்லும் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி அவரிடம் நீட்டுகிறாள். “நீங்களே கேட்டுப் பாருங்க சார்.” அவர் மாட்டிக்கொள்கிறார். அவளுடைய மடிக்கணினித் திரையில் ரயில் வரும் நடைமேடை எண் இரண்டிலிருந்து ஐந்தாக மாறுகிறது. காதில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் காத்திருக்கிறார். ஏசியின் உறுமல் மட்டும் அறையை நிறைக்கிறது. “எங்க பிரவுசர்ல இது ஆறு மாச வேலை,” என்கிறார் கடைசியில், ஹெட்ஃபோனைப் பதமாகக் கழற்றியபடி. “பரவாயில்ல. ‘வேண்டும்’னே போடுங்க.” விதிகளைத் தொகுக்கும் அக்காவின் விரல்கள் ஒரு சொல்லை அழித்து இரண்டைத் தட்டுகின்றன. எல்லோரும் சுவரையே பார்க்கிறார்கள். “போட்டாச்சாக்கா?” என்று கேட்கிறாள் அந்தப் பெண். அக்கா வாய் திறப்பதற்குள் ஒட்டகம் எழுந்து நின்று, அவளுக்காக அந்த வரியை முதலிலிருந்து சத்தமாக வாசிக்கிறார்.