மூடுபனிக்கு ஒரு மதிப்பெண்

"உங்க மக லாவண்யா பரீட்சைத் தாள்ல மூடுபனியைத் திரவம்னு எழுதியிருக்கா. வாயுன்னு மாத்தி எழுதச் சொன்னா முடியாதுங்கிறா. வீட்டுல யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் சத்தியபிரியா டீச்சர்.

"நான்தாங்க," என்றார் யோகராஜ், மகளின் தோளைப் பிடித்தபடி.

"என்ன படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாப்புங்க. மலைப்பூண்டு தரம் பிரிக்கிற சோலி."

பத்து வருடமாக அறிவியல் நடத்தும் டீச்சருக்கு எரிச்சல் வந்தது. "எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஐஸ்கட்டியைக் கையில வச்சோம், கெட்டியா இருந்துச்சு. கரைஞ்சு விரலிடுக்குல ஓடுச்சு, அது திரவம். பலூன் காத்தைக் கன்னத்துல விட்டோம், அது வாயு. அப்புறம் வெளிய மூடுபனியில நின்னோம். முகமெல்லாம் நனைஞ்சுபோச்சு. நனைச்சா அது தண்ணிதானுங்களே?"

"ஜன்னலுக்கு வெளிய பாருங்க. புகை மாதிரி மிதக்குது. தப்புன்னு ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேங்க. புள்ள எழுதினது சரி."

"பிடிவாதம் பண்ணாம நல்லாப் பாருங்க."

"பாக்க முடியாதுங்க. பொறந்ததுல இருந்தே எனக்குக் கண்ணு தெரியாது. புகை மாதிரி இருக்கிறது உங்களுக்குங்க. எனக்கு அது ஈரம்."

டீச்சர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினார். சற்று நேரத்தில் புறங்கையின் பூனைமுடிகளில் பொடிப்பொடியாக நீர் கோத்தது.

லாவண்யாவின் தாளில் முழு மதிப்பெண் போட்டார். பிறகு, 'வாயு' என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருந்த மற்ற முப்பத்தொரு தாள்களின் கட்டைப் பிரித்தார்.