நடுக்கடலில் ஒரு மாப்பிள்ளை

"ஐயோ, முழுகறேன்! யாராவது வாங்களேன்!"

அந்தமான் கடலில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜான்சி கையையும் காலையும் உதறிக்கொண்டு கத்தியது இது நான்காவது தடவை. நான்கு தடவையும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போட்டிருந்த லைஃப் ஜாக்கெட் அவளைத் தக்கை மாதிரி மிதக்க வைத்திருந்தது.

கைடு நிதானமாக நீந்தி வந்தான். "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. மூச்சை மெதுவா விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்." முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை.

பொறுமைக்குப் பத்துக்கு எட்டு என்று ஜான்சி மனசுக்குள் மார்க் போட்டாள்.

தாம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து ரிட்டயரானவள் அவள். மகள் பெனிட்டா போன வருஷம் ஆபீஸ் டூரில் அந்தமான் வந்தாள். பவளப்பாறை காட்டிய ஆரோன் என்ற கைடிடம் மனசைக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள்.

"தண்ணியில விளையாடறதுக்குச் சம்பளம் வாங்கறவன்தான் உனக்குக் கெடைச்சானா?" என்று ஜான்சி ஒரே போடாகப் போட்டாள். பெனிட்டா நீட்டிய போட்டோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து கீழ்க்கட்டளை வீட்டில் மிக்ஸியைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை.

மூன்று வாரம் போனதும் ஜான்சியாலேயே தாங்க முடியவில்லை. வேளாங்கண்ணிக்குப் போகிறேன் என்று மகளிடம் புளுகிவிட்டு விமானம் ஏறினாள். ஆரோன் என்கிற கைடுதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லி, எதிர்வீட்டுப் பொன்னியம்மாள் பெயரில் புக் செய்திருந்தாள். ஆளை எடை போட்டுவிட வேண்டும். தான் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிடவும் கூடாது.

"பொன்னியம்மா ஆன்ட்டி!"

மூன்றாவது முறை கூப்பிட்ட பிறகுதான் அது தன்னை என்று அவளுக்கு உறைத்தது.

"இந்த ஸ்கூட்டரை ரெண்டு கையால பிடிங்க. பட்டனை அமுக்கினா போகும், விட்டா நின்னுடும். அவ்ளோதான்."

அந்தக் கடல் ஸ்கூட்டர் டேபிள் ஃபேன் அளவுதான் இருந்தது. அமுக்கியதும் விர்ரென்று அவளை இழுத்துக்கொண்டு கிளம்பியது. முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக்குக் கீழே மான்கொம்பு மாதிரி ஒரு பவளம், நர்ஸிங் படிக்கும்போது ஜாடியில் பார்த்த மூளை மாதிரி இன்னொரு பவளம், நடுவில் பள்ளிக்கூடம் விட்டாற்போல மீன் கூட்டம். ஐம்பத்தொன்பது வயதில், வாயில் குழாயோடு, ஜான்சி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். உப்புத் தண்ணீர் உள்ளே போய்ப் புரை ஏறியது.

தலையைத் தூக்கி, "ஆரோன்! அந்த நீல மீனு பேரு என்னப்பா?" என்று கேட்டாள்.

பக்கத்திலேயே இருந்தவன் திரும்பவில்லை. காதில் தண்ணீர் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் பாறை சட்டென்று முடிந்தது. கீழே தரையே இல்லை. அடி தெரியாத கருநீலம். பயத்தில் ஜான்சியின் கை இறுக, பட்டன் இன்னும் அமுங்க, ஸ்கூட்டர் அவளை அந்த நீலத்துக்கே இழுத்துக்கொண்டு ஓடியது. கத்த வாயெடுத்தாள். குரல் வரவில்லை.

அவள் விரல்கள்மேல் ஒரு கை விழுந்தது. ஒவ்வொரு விரலாகப் பட்டனிலிருந்து பிரித்து எடுத்தது. அவளை மல்லாக்கப் புரட்டி, தலையைத் தாங்கிப் பிடித்தது.

"வானத்தைப் பாருங்க ஆன்ட்டி. என்கூட எண்ணுங்க. ஒண்ணு... ரெண்டு..."

இருபது எண்ணுவதற்குள் மூச்சு சீராகிவிட்டது.

"நான் கூப்பிடவே இல்லையே, எப்படிப்பா அவ்ளோ வேகமா வந்தே?"

"அதனாலதான் வந்தேன். நாலு தடவை கத்துனீங்க, மெதுவா வந்தேன். இந்தத் தடவை கத்தல. நெஜமா முழுகறவங்களுக்குச் சத்தம் வராது ஆன்ட்டி. எங்க சீனியர் மொத நாளே சொல்லிக் குடுத்தாரு."

வார்டில் அலறுகிற பேஷண்ட்டை விட்டுவிட்டு, சத்தமே இல்லாத கட்டிலுக்கு எத்தனையோ தடவை ஓடியவள் ஜான்சி. அந்த வித்தை தெரிந்தவன் கையில் மகளைக் கொடுக்க இனி என்ன யோசனை?

கரை ஏறியதும், ஈரத் துண்டோடு அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நான் பொன்னியம்மா இல்ல. பெனிட்டாவோட அம்மா, ஜான்சி."

அவன் வாய் பிளந்தது.

"உன்னைச் சோதிச்சுப் பாக்கத்தான் பொய் பேர்ல வந்தேன். நூத்துக்கு நூறு வாங்கிட்டே! எனக்குப் பூரண சம்மதம். அடுத்த மாசமே நம்ம சர்ச்சுல கல்யாண ஓலை படிச்சுடலாம், மாப்ளே!"

அவன் கையை மெதுவாக உருவிக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

"ஐயையோ ஆன்ட்டி, நான் அசார்! எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்கு!"

"அப்ப ஆரோன்?"

"ஆரோன் அண்ணன் உங்ககிட்ட பொண்ணு கேக்கக் காலைலதான் கீழ்க்கட்டளைக்குக் கெளம்பிப் போனாரு!"