ஒரு குடம் நல்ல தண்ணீர்

1986 ஏப்ரலில், ஆம்பூருக்கு அருகே பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமத்தில், குடிக்கத் தகுந்த நீருள்ள கிணறு ஒன்றுகூட இல்லை.

ஆராய்ச்சிக் கொட்டகையின் வாசலில் கோதண்டபாணி பித்தளைக் குடத்தோடு நின்றார். தோல் பதனிடும் ஷெட்டுகளின் கழிவு இறங்கிய கிணற்று நீரைச் சுத்தமாக்க முடியுமா என்று ரசாயன நிபுணர் ஜியாவுல்லா அங்கே சோதித்துக்கொண்டிருந்தார். சோப்பு போன்ற ஒரு மருந்தைக் கலந்தால் நஞ்சு அதில் போய் ஒட்டிக்கொள்ளும்; வடிகட்டும் மெல்லிய சவ்வு அதைத் தடுத்துவிடும். மிஞ்சும் உப்பை இன்னொரு சவ்வு பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க பம்பு ஓடினால் ஒரு குடம் தேறும்.

அது சோதனைக்கு மட்டும்தான், குடிக்கத் தரக்கூடாது என்று ஜியாவுல்லா கையை விரித்தார்.

“எம் மக பூரணியப் பொண்ணு பாக்க வர்றாங்க சார். போன தபா வந்தவங்க ஒரு வாய் குடிச்சுட்டு, இந்தத் தண்ணியில வளந்த பொண்ணு வேணாம்னு எழுந்து போய்ட்டாங்க.”

ஜியாவுல்லா ஒரு தம்ளர் பிடித்துத் தானே குடித்துப் பார்த்தார். பிறகு குடத்தை நிரப்பிக் கொடுத்தார்.

வந்தவர்கள் அணைக்கட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பும் நெல்லும் விளைந்த பூமி. ஆற்றங்கரை ஊர், ஒரே பெண் என்று கேள்விப்பட்டுத் தாங்களாகவே தேடி வந்திருந்தார்கள். ஒன்றுமில்லாத தன் வீட்டில் அவர்கள் என்ன கண்டார்கள் என்று கோதண்டபாணிக்கு விளங்கவில்லை. மகள் இந்த ஊரை விட்டு, நல்ல தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் அவருக்குப் போதும்.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை ஷெட் கழிவு ஓடும் ஓடை கண்ணில் படாமல் சுற்றுவழியில் கூட்டிவந்தார். கால் கழுவக் கிணற்றடிக்குக் கிளம்பிய மாப்பிள்ளையின் தகப்பனார் பஞ்சாட்சரத்தை, சம்பந்தி வீட்டார் அங்கெல்லாம் போகலாமா என்று தடுத்து, குடத்திலிருந்தே சொம்பில் மொண்டு ஊற்றினார்.

கேசரியைத் தொடுவதற்கு முன்பே எல்லோரும் இரண்டு தம்ளர் குடித்தார்கள். வெயிலில் வந்த தாகம் என்று நினைத்துக்கொண்டார் கோதண்டபாணி. பூரணி வந்து நமஸ்காரம் செய்தபோதும் மாப்பிள்ளை லோகநாதன் கையிலிருந்த தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணியப் பாத்தது போதும். பொண்ணப் பாருடா,” என்றாள் அவன் தாய் சம்பூர்ணம். எல்லோரும் சிரித்தார்கள். பூரணியும் சிரித்துவிட்டாள்.

லோகநாதன் பார்த்தான். பிடித்திருக்கிறது என்று தாயின் காதில் சொன்னான். வெற்றிலைத் தட்டு மாறியது. கோதண்டபாணி மேல்துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

பஞ்சாட்சரம் அவர் கையைப் பிடித்துத் தனியே அழைத்துப் போனார்.

“நகை நட்டு ஒண்ணும் வேணாம். ஒரே ஒரு விஷயம்தான், நீங்க மாட்டேன்னு சொல்லக்கூடாது.”

“சொல்லுங்க சம்பந்தி.”

பஞ்சாட்சரம் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்க ஊர்லயும் தோல் ஷெட்டு வந்து கெணறெல்லாம் போச்சு. பையன் இனிமே உங்க வூட்டோடயே இருந்துக்கட்டும்.”