துணியின் நுனி

"ரெண்டு பேரிலை நீ எவள்?"

முதல் நாள் கதவைத் திறந்ததும் வீட்டுக்கார இத்தாலியக் கிழவி சிக்னோரா கார்மேலா கேட்ட கேள்வி அது. சிக்னோராவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்படலம். சுவரைத் தடவித் தடவித்தான் நடப்பாள். வீட்டில் ஏற்கெனவே ஒரு மாநிறக்காரி இருந்தாள்: மகன் சல்வாத்தோரே பாலித் தீவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சுவார்த்தினி.

"செலஸ்ரீனா. வீடு துப்புரவாக்க வந்தனான்," என்றாள் செலஸ்ரீனா, பாதியை வாய்க்குள்ளேயே விழுங்கி.

அது ஏழு மாதத்துக்கு முந்திய கதை.

இன்று காலை பத்து இருபதுக்கு அவள் அதே வீட்டுச் சமையலறையில் நின்று சல்வாத்தோரேயின் சேட்டு ஒன்றை அயன் செய்துகொண்டிருந்தாள். அவளுடைய நீல மழைக்கோட்டு ஆணியில் இல்லை. அவள் தலையில் சுவார்த்தினியின் மஞ்சள் துணி இருந்தது.

கதவுக்கு மேலே, கூரையோடு ஒட்டினாற்போல் ஒரு கமெரா. அதில் சின்னதாய் ஒரு சிவப்புப் புள்ளி. பலெர்மோ நகரின் பிரான்காச்சோப் பகுதியில் உள்ள தன் பட்டறையிலிருந்து சல்வாத்தோரே கைபேசியில் பார்க்கும்போது அது பச்சையாகும். அரை மணிக்கு ஒரு தடவை பார்ப்பான். ஒரு நாளும் தவறியதில்லை.

மேலிருந்து பார்க்கிற கமெராவுக்கு முகம் தெரியாது. தலைதான் தெரியும்.

அந்தத் துணிக்குத் தெங்குலுக் என்று பெயர். தங்கள் ஊர்ச் சந்தையில் பெண்கள் இதைச் சுற்றிக்கொண்டுதான் தலையில் கூடை சுமப்பார்கள் என்று சுவார்த்தினி சொல்லியிருந்தாள். பலெர்மோவில் அவளுக்குக் கூடையும் இல்லை, சந்தையும் இல்லை. இரண்டு வருடமாக வாசற்படி தாண்டியதில்லை. ஆனாலும் விடிந்ததும் கட்டிவிடுவாள். அதைக் கட்டாத அவளைக் கமெராவும் கண்டதில்லை.

போன மாதம் அவளுடைய மணிக்கட்டில் நான்கு விரல் அடையாளம் நீலமாய்க் கிடந்தது. அன்றுதான், பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்குள், இருவரும் முதல் தடவையாகத் தப்பிப் போவதைப் பற்றிக் கதைத்தார்கள்.

செலஸ்ரீனா மூன்று கிழமை வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று கட்டிப் பழகினாள்.

"என்னடி, தலையிலை துவாயோடை நிக்கிறாய்? முழுகினனியோ?" என்று அம்மா றோசமலர் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த வீட்டுக் கதை ஒண்டுக்கையும் தலையைப் போடாதை பிள்ளை. இஞ்சை இருக்கிற பெர்மெசோக் கடுதாசி புதுப்பிக்கிற நேரம்," என்றாள்.

"ஓம் அம்மா."

இன்று பத்தேகாலுக்குச் சுவார்த்தினி நீல மழைக்கோட்டைப் போட்டு, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, குப்பைப் பையோடு வாசலுக்குப் போனாள். திறப்புக்கோர்வை எப்போதும் சிக்னோராவின் கழுத்தில்தான் தொங்கும்.

"எவள்?"

"செலஸ்ரீனா," என்றது கோட்டு, வாய்க்குள்ளேயே.

சிக்னோரா திறந்தாள். திரும்பவும் பூட்டினாள். சப்பாத்துச் சத்தம் படிகளில் இறங்கி இல்லாமல் போனது.

பதினொரு மணிக்குள் சுவார்த்தினி ஏறும் ரயில் பக்கத்து நகரான பகேரியாவுக்குப் போய்விடும். அங்கே அவளுடைய ஊர்க்காரி ஒருத்தி காத்து நிற்கிறாள். அதுவரை பத்தரைக்கு ஒரு தடவை, பதினொன்றுக்கு ஒரு தடவை, சல்வாத்தோரே இந்தச் சமையலறையில் ஒரு மஞ்சள் தலையைப் பார்க்க வேண்டும். பிறகு துணியை அவிழ்த்து ஒளித்துவிட்டு, குளியலறை கழுவிக்கொண்டிருந்தேன், எனக்கொன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

பத்து இருபத்தாறு.

சேட்டின் கழுத்துப்பட்டியை மூன்றாவது தடவையாகத் தேய்த்தாள். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தை அப்போதுதான் பார்த்தாள். அதில் சுவார்த்தினி இதே துணியோடு சிரித்தாள். துணியின் நுனி வலது காதுக்கு மேல் தொங்கியது.

செலஸ்ரீனா தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். நுனி இடது பக்கம் இருந்தது.

கண்ணாடி! கண்ணாடியைப் பார்த்தல்லவா பழகினாள்.

அவிழ்த்துக் கட்ட நேரமில்லை. நுனியை இழுத்தால் முழுவதும் குலைந்து, அவளுடைய சுருட்டை மயிர் கொட்டுண்டுவிடும். சுவார்த்தினியின் கூந்தலோ நூல் பிடித்தாற்போல் நேரானது. அவன் அரை மணிக்கொரு தடவை இரண்டு வருடம் பார்த்த தலை. சந்தேகப்பட்டால் முதலில் ஸ்ரேசனுக்குத்தான் கார் விடுவான்.

பத்து இருபத்தெட்டு.

நடையில் செருப்புச் சத்தம் கேட்டது.

மத்தியானம்வரை இந்தப் பக்கமே வராத சிக்னோரா சமையலறைக்குள் வந்தாள். நேரே அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள். மூச்சில் கோப்பி மணந்தது.

இப்போது கேட்பாள், ரெண்டு பேரிலை நீ எவள் என்று. பெயரைச் சொன்னால் சுவார்த்தினி பிடிபடுவாள். பொய் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கும். செலஸ்ரீனா கண்ணை மூடிக்கொண்டாள். கேட்காமலே துணியைப் பிய்த்தெறியப்போகிறாள் என்றும் நினைத்தாள்.

சிக்னோரா எதுவும் கேட்கவில்லை.

ஒரு கை அவள் தலையில் பட்டது. அது எங்கேயும் தடவித் தேடவில்லை. செருகியிருந்த நுனியைச் சரியாகப் பிடித்து மெல்ல உருவியது. மற்றக் கை முடிச்சு குலையாமல் அழுத்திக்கொண்டது. நுனி பின்தலையைச் சுற்றி வந்து வலது காதுக்கு மேல் விழுந்தது. இரண்டு விரல் அதை நீவிச் சரிசெய்தது.

செலஸ்ரீனா கண்ணைத் திறந்தபோது சிக்னோரா கதவைக் கடந்துகொண்டிருந்தாள். மேலே சிவப்புப் புள்ளி பச்சையானது.

சுவரைத் தடவாமல், சிக்னோரா நடையின் நடுவால் நேரே தன் அறைக்குப் போனாள்.