நான்காவது பெஞ்சின் இடது ஓரம்

வாசித்துக்கொண்டே மூன்றாம் பக்கத்துக்கு வந்தேன். அடுத்தது கூரை விழுந்த வருடம்.

எங்கள் மெதடிஸ்ட் சபையின் நூற்றெட்டு வருடச் சரித்திரத்தை மினிட்ஸ் புத்தகத்தின் கடைசி நான்கு பக்கங்களில் எழுதி முடித்திருந்தேன். முப்பத்தேழு வருடமாகச் செயலாளர் நான்தான். வேறு யாரும் மாட்டவில்லை.

இது கடைசிக் கூட்டம். நாளைக்கு ஆலயத்தின் சாவி கைமாறுகிறது. வாங்கியவர் இங்கே மரச்சாமான் கடை போடப்போகிறார். பெஞ்சுகளையும் சேர்த்தே கேட்டாராம்.

வந்திருந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் இருவர் தூக்கத்தில்.

முதல் பக்கத்துக்குச் சிரித்தார்கள். ரயில்வே கேட் கீப்பர் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் தொடங்கிய சபை இது. கட்டடம் எழுப்ப வந்த கொத்தனார் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டதில், ஆலயம் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. புதிதாக வருகிறவர்கள் இன்றுவரை சுவரைச் சுற்றிச் சுற்றி வாசலைத் தேடுகிறார்கள்.

என் மனைவி சிரிக்கவில்லை. வழக்கம்போல நான்காவது பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மின்விசிறிக் காற்று எட்டாத இடம். மாறி உட்காரச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த வரி வந்தது.

"மழையில் ஊறிய உத்திரம் முறிந்து, சனிக்கிழமை பிற்பகல் கூரையின் பாதி சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை."

இந்தச் சரித்திரத்தில் பொய் என்றால் அந்த ஒரு வரிதான். எழுதியவன் நான். கூரை விழுந்த அன்று மாலையே உடைந்த ஓடுகளுக்கு நடுவில் நின்று குறிப்பெழுதினேன். எழுதியபோது அது உண்மை. மூன்றாம் நாள் பொய்யாகிவிட்டது.

அடுத்த மாதக் கூட்டத்தில் நானே அதை வாசித்தேன். அப்போதிருந்த போதகர் முறைப்படி, திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்தாகிவிட்டது.

பிறகு எழுபத்தைந்தாம் ஆண்டு மலர், நூற்றாண்டு மலர் இரண்டிலும் அதே வரியை அட்சரம் பிசகாமல் எடுத்து எழுதினேன். கோழைத்தனம், வேறென்ன.

இன்று இந்தப் புத்தகத்தை மூடினால் தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அப்புறம் யாரும் அதில் கைவைக்க முடியாது. நேற்று ஏழெட்டுத் தடவை பேனாவை எடுத்தேன். அடித்தால் காரணம் சொல்ல வேண்டும். பேனாவை வைத்துவிட்டேன்.

எப்போதும்போல அந்த வரியை மட்டும் வேகமாக வாசித்துவிட்டு, நான்காம் பக்கத்தையும் முடித்தேன்.

இப்போதைய போதகர் இளைஞர், வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கையெழுத்துப் போடப் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே பேச்சுக்குக் கேட்டார்.

"திருத்தம் ஏதாவது இருக்கா?"

நான்காவது பெஞ்சு கிறீச்சிட்டது.

அவள் எழுந்து நின்றாள். சபைக் கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. வீட்டில் அந்தக் குறை கிடையாது; ஆனால் இதைப் பற்றி வீட்டிலும் பேசியதில்லை.

"உயிர்ச்சேதம் இல்லைன்னு இருக்கு. ஒண்ணுன்னு போடச் சொல்லுங்க."

தூங்கியவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

அன்று அவள் பெஞ்சுகளைத் துடைக்க வந்திருந்தாள். உத்திரம் முறிந்த சத்தத்தில் ஓடப்போய், நான்காவது பெஞ்சின் இடது ஓரத்தில் இடித்து விழுந்தாள். ஒன்றுமில்லை என்று தூசியைத் தட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம். முன்பு இரண்டு தங்காமல் போனதால் இந்தத் தடவை யாரிடமும் மூச்சு விடாமல் இருந்தோம். வரப்போகிறது என்றே சொல்லாத பிள்ளையைப் போய்விட்டது என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. நாள் போகப்போக அவள் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

போதகர் என் பக்கம் திரும்பினார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். பேனாவை என்னிடம் நீட்டினார்.

'இல்லை' என்பதை அடித்து, மேலே 'ஒன்று' என்று எழுதினேன். திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும் என்பது விதி. இட்டேன்.

போதகருக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை, பாவம். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்பதையே கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன பேரும்மா?"

பிறக்காத பிள்ளைக்குப் பேர் ஏது என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அவள் யோசிக்கவே இல்லை. கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

எழுதிக்கொண்டேன். பெண் பெயர். பெண் குழந்தை என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.